டெல்ஃபியா லைனில் இல்லை

சுவர்த் தொலைபேசியின் ரிசீவரை எடுப்பதற்கு முன்னால் டெல்ஃபியா ஸ்ட்ரௌட் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொள்வாள். உள்ளே இருக்கிற மூச்சை ஒரேயடியாக வெளியே விட்டுவிடுவாள். இடது கை விரலால் கொக்கியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ரிசீவரைக் கழற்றிக் காதில் வைத்தபின், தூங்கும் குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவதுபோலக் கொக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர விடுவாள். 'கிளிக்' என்ற சத்தம் கேட்காது. அதன்பிறகு அந்த இடது கை பேசும் குழாயின் வாயைப் பொத்திக்கொள்ளும்.

எல்க் ஃபோர்க் சாலையில் இருக்கிற பண்ணைகள் அத்தனைக்கும் ஒரே கம்பி. யாருக்கு மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் டெல்ஃபியாவுக்கு. இரண்டு நீளம் என்றால் ஓரா கிம்பலுக்கு. தனக்கு அடிக்காத மணிக்கு ரிசீவரை எடுப்பது எல்லாரும் செய்கிற காரியம்தான். எடுத்தது தெரியாமல் எடுப்பதில்தான் டெல்ஃபியாவுக்கு நிகர் இந்த வட்டாரத்தில் கிடையாது என்று டெல்ஃபியா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் லைன்ல எல்லாம் இருக்கறதில்ல. எனக்கு வேலை இருக்கு" என்பாள், யாரும் கேட்காமலேயே.

வேலை இருப்பது உண்மை. இருநூறு வெள்ளைக் கோழிகள். ஒவ்வொரு முட்டையையும் விளக்குக்கு முன்னால் பிடித்து, உள்ளே இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெட்டியில் அடுக்குவாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். உயரமானவள், பெரிய கைகள், இடுப்புக்குக் கீழே இறங்கும் நரைத்த கூந்தலைப் பின்னித் தலையைச் சுற்றிக் கிரீடம்போலக் குத்திக்கொள்வாள். கடை ரொட்டிக்கு அவள் வைத்த பெயர் பஞ்சு. டப்பாவில் வருகிற சூப்புக்குச் சோம்பேறித் தண்ணீர். முழங்கால் தெரிகிற பாவாடையோடு யாராவது எதிரே வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தப் பெண் கடந்துபோகும்வரை வேலிக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சமையலறைத் தரைக்கு மட்டும் பளபளப்பான லினோலியம் விரிப்பு போட்டிருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால், "அது வேற. அது கழுவுறதுக்கு" என்பாள்.

பொறாமை என்ற சொல்லை அவள் தன்னைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. தேவாலயத்து விருந்தில் எந்தப் பாத்திரம் முதலில் காலியாகிறது என்று கவனிப்பாள், அவ்வளவுதான். தன் கோழி நூடுல்ஸ் பாத்திரத்தில் கரண்டியின் பிடி கூட்டத்தைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைப்பாள், அவ்வளவுதான். ஓரா யாருடைய ஊறுகாயையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், டெல்ஃபியா வீட்டுக்கு வந்து அடுப்பைத் தேய்ப்பாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். அவள் கணவன் எம்மெட், தேய்க்கிற சத்தத்தை வைத்தே, "இன்னிக்கு யாரு, ஊறுகாயா, கேக்கா?" என்று கேட்பான்.

ஓரா அவளுடைய ஓரா. அதில் இந்தச் சாலையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இருவரும் ஒரே வருடம் திருமணமாகி இங்கே வந்தவர்கள். ஓராவின் குரல் மேலே போகிற குரல். தண்ணீர் குழாயைத் திறந்ததுபோல் தெளிவாக வரும். டெல்ஃபியாவுடையது கீழே தாங்குகிற குரல். தனியாகக் கேட்டால் அந்தக் கீழ்க்குரலில் ஒரு பாட்டும் இருக்காது. ஏதோ அறைக்கு அந்தப் பக்கம் யாரோ பெட்டியை இழுப்பதுபோல் இருக்கும். ஓராவின் குரலுக்கு அடியில் வைத்தால்தான் அது எதற்காக என்று தெரியும். இந்த வட்டாரத்தில் நல்லபடியாகப் புதைக்கப்பட்ட எல்லாரையும் இந்த இரண்டு குரலும்தான் வழியனுப்பியிருக்கின்றன. ஓராவின் கணவன் இறந்தபோதும் ஓரா பாடினாள். நடுவில் குரல் நின்றுபோன இடத்தில் டெல்ஃபியா தன் கீழ்க்குரலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், ஓரா திரும்பி வரும்வரை.

சனிக்கிழமைகளில் மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒருவர் தலையை ஒருவர் அலசிவிடுவார்கள். ஓராவின் முடி பழுப்பு. ஈரத்தில் கை வலிக்கக் கனக்கும். அதைத் துவட்டிச் சிக்கெடுத்துப் பின்னுவது டெல்ஃபியாவின் வேலை. "உனக்கு இவ்வளவு முடி எதுக்குடி? எனக்கு முதுகு போகுது" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாள். ஒவ்வொரு வாரமும் ஓரா வருவதற்கு முன்னாலேயே சீப்போடு தயாராக உட்கார்ந்திருப்பாள்.

போன வசந்தத்தில் டாம் ஹாகெட், ஒமாஹாவிலிருந்து வெர்னாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தான். வெர்னா காலுறையைச் சுருட்டி விட்டுக்கொள்வாள். டிரக் ஓட்டுவாள். பன்றிக் கொட்டகைக்குப் போகும்போது கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொள்வாள். கழுத்து தெரிய வெட்டிய முடி. இவையெல்லாம் டெல்ஃபியாவுக்குப் பெரிய தொந்தரவில்லை. வேலிக் கம்பங்கள் நிறைய இருக்கின்றன. வெர்னாவோடு ஒரு ரேடியோவும் வந்தது.

முதலில் சிலர் ஹாகெட் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். பிறகு வெர்னாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாலை ஏழு மணிக்கு ஒரே நீள மணி, எல்லா வீட்டுக்கும் பொதுவானது, அடிப்பாள். தீ விபத்துக்கும் சூறாவளிக்கும் மட்டுமே அதுவரை அடித்த மணி அது. ரேடியோவின் ஒலிபெருக்கிக் குழலைத் தொலைபேசிப் பெட்டியின் வாய்க்கு நேராக நாற்காலியில் நிறுத்திவிடுவாள். ரிசீவரை எடுத்தவர்களுக்கெல்லாம் அவரவர் சமையலறையில் சிகாகோ வந்தது. பிடில் வந்தது, பன்றி விலை வந்தது, எங்கோ ஒரு ஹோட்டலில் ஆட்கள் நடனமாடுகிற சத்தம் வந்தது.

புதன்கிழமை மாலை ஏழு மணி டெல்ஃபியா வீட்டில் ஜெபக்கூட்டம். இந்தச் சாலையில் தேவாலயம் கட்டுவதற்கு முன்பிருந்தே, அவள் மாமியார் காலத்திலிருந்தே, அந்த முன்னறையில் நடக்கிற கூட்டம். கோடையில் நாற்காலி போதாமல் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். இலையுதிர் காலம் வந்தபோது மாடிப்படி காலி. பிறகு பின்வரிசை காலி. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது: மாட்டுக்கு உடம்பு சரியில்லை, பாதை சேறு. ஓரா கடைசிவரை வந்துகொண்டிருந்தாள். அக்டோபரில் ஒரு புதன்கிழமை அவளும் வரவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். உள்ளே முடி இல்லை. காதோடு வெட்டியிருந்தது.

டெல்ஃபியா நேராகப் பிரசங்க மேடையைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" ஓரா கிசுகிசுத்தாள்.

"யாரு வெட்டினா?"

"வெர்னாதான். அவ வீட்டு அடுப்படியில. அரை மணி நேரம்கூட ஆகல. தலை இல்லாத மாதிரியே இருக்கு, டெல்ஃபி."

"பார்த்தா அப்படித்தான் தெரியுது" என்றாள் டெல்ஃபியா.

அந்தச் சனிக்கிழமை அவள் தன் தலையைத் தானே அலசிக்கொண்டாள்.

அதற்கு அப்புறம்தான் வெர்னாவின் நீள மணிக்கும் ரிசீவரை எடுக்க ஆரம்பித்தாள். புதனில் கூட்டம் முடிந்தபின். மற்ற நாட்களில் ஏழு மணிக்கே. ரேடியோ கேட்பதற்கு அல்ல. இந்தக் கம்பியில் அதிகம் பேர் ரிசீவரை எடுத்தால் பேட்டரி தாங்காமல் சத்தம் மங்கும்; எனவே தான் எடுக்க எடுக்க மற்றவர்களுக்கு அந்தச் சனியன் குறைவாகக் கேட்கும், அதுவும் ஒரு ஊழியம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவள் கேட்டது பாட்டுக்குப் பின்னால் இருந்த அறையை. நாற்காலி இழுபடுகிற சத்தம். கோப்பைகள். யாரோ மெல்லச் சொன்ன ஏதோ ஒன்றுக்கு ஓரா சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் சிரித்த அந்த மூக்குச் சிரிப்பு, தனக்கு மட்டும் சொந்தம் என்று டெல்ஃபியா இத்தனை நாள் நினைத்திருந்த சிரிப்பு, பிடில் வாசிப்புக்கு நடுவே யாருக்கோ கிடைத்துக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் அவள் ரிசீவரைக் காது வலிக்க அழுத்திக்கொள்வாள்.

ஆட்கள் பேசும்போது எடுத்தால்தான் குழாயைப் பொத்த வேண்டும். ரேடியோ நேரத்தில் அந்தப் பக்கம் இருப்பது வெறும் ரேடியோப் பெட்டி; பெட்டிக்கு ஏது காது. ஒரு மணி நேரம் பொத்தினால் கை மரத்துப்போகிறது. ஆகவே டெல்ஃபியா கையை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவினாள்.

அந்தப் பக்கம் காது இருந்தது. சத்தம் எல்லா வீட்டுக்கும் சரியாகப் போகிறதா என்று பார்க்க, ஹாகெட் வீட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்பாள். அது ஓரா. ஆரம்பிக்கும் முன் அவள் கம்பியில் வருகிற சத்தங்களை வைத்து வந்தவர்களைச் சொல்வாள். அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. தன் சமையலறையில் சத்தம் போட ஒன்றும் கிடையாது என்று டெல்ஃபியா நம்பியிருந்தாள்.

"லூட் பேக்கர் வீட்டு நாய் வந்தாச்சு. லிண்ட் வீட்டுக் குழந்தை வந்தாச்சு, அதுக்கு யாராவது பால் குடுங்கப்பா. ஹோல்ம் வீட்டுத் தையல் மெஷின், நீ கொஞ்சம் நிறுத்திக்கோ." பிறகு ஒரு சின்ன இடைவெளி. குரல் இறங்கி, இளகி வரும். "சரி, நம்ம ஆளும் வந்தாச்சு. போடு, வெர்னா."

முதல் நாள் டெல்ஃபியா அதைக் கேட்டபோது கத்தி உருளைக்கிழங்கில் நின்றது. நம்ம ஆள். பெயர் சொல்லாமல் அப்படிச் சொல்கிற குரலை அவளுக்குத் தெரியும். அந்தக் குரலில் ஓரா பேசியது ஒருவனிடம்தான், அவனை வழியனுப்பியாகிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒரு நாள், "நம்ம ஆளு இன்னிக்கு லேட்டு, பொறுங்க" என்றுகூடச் சொன்னாள். அன்று கோழிக் கொட்டகைக் கதவு சிக்கிக்கொண்டு டெல்ஃபியாவே தாமதமாகத்தான் ஓடிவந்து எடுத்திருந்தாள்; எடுக்கும்போதே அது காதில் விழுந்தது. யாராக இருந்தாலும் அவனுக்காகச் சிகாகோவையே நிறுத்தி வைக்கிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

யார் என்று ஆராய்ந்தாள். தேவாலயத்தில் ஓரா யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாள் என்று பார்த்தாள். கடைசியில் லூட் பேக்கர் என்று முடிவுக்கு வந்தாள். லூட் மனைவியை இழந்தவர். ஒரு கால் சற்றுத் தாங்கி நடப்பார். கோடையில் புதுப் பல் கட்டிக்கொண்டார். ஒரு மனுஷன் எதற்குத் திடீரென்று பல் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எம்மெட்டிடம் கேட்டாள்.

"லூட் வீட்டு நாய்னுதானே முதல்லயே சொல்லிடறா" என்றான் எம்மெட்.

"அதான். நாயைத் தனியாச் சொல்லிட்டு ஆளைத் தனியாச் சொல்றா." சொன்னபின்தான் அவளுக்கு உறைத்தது. "அப்படின்னு ஹோல்ம் வீட்டம்மா சொன்னாங்க. நான் லைன்ல இருந்தேனா என்ன."

"சேச்சே" என்றான் எம்மெட், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி.

அடுத்த தேவாலய விருந்தில் ஆப்பிள் பை வெட்டிக் கொடுத்தது டெல்ஃபியா. லூட் பேக்கர் தட்டில் விழுந்தது விரல் அகலத் துண்டு. அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சிஸ்டர் ஸ்ட்ரௌட், இது எனக்கா, என் நாய்க்கா?" என்றார்.

"பல்லு புதுசு. பார்த்துக் கடிங்க" என்றாள் அவள்.

இதோடு போயிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ரேடியோவில் ஏதோ ஊர்த் தேவாலயத்துப் பாடகர் குழு வந்தது. எல்லாரையும் வழியனுப்புகிற பாட்டு, டெல்ஃபியாவுக்கும் ஓராவுக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற பாட்டு. இரண்டாவது அடியில் ஓரா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். டெல்ஃபியாவின் தொண்டை தானாகத் தயாரானது. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். அப்போது ஓராவின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் வந்து உட்கார்ந்தது. இளம் குரல். முதலில் தடவியது, பிறகு இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. வெர்னா. மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் டெல்ஃபியா அன்று இரவு சாப்பிட்டிருப்பாள்.

வெர்னா முடியை எடுத்துக்கொண்டாள். புதன்கிழமையை எடுத்துக்கொண்டாள். இப்போது இதுவும்.

சபையின் காலாண்டுக் கூட்டம் அந்த மாத நடுவில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, கீழறையில் நடந்தது. போதகர் லிஸ்க் நிலக்கரிக் கணக்கை முடித்துவிட்டு வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது டெல்ஃபியா எழுந்தாள். கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாள். ஜெபக்கூட்டம் நடக்கிற நேரத்தில் சபையைச் சேர்ந்த யாரும் பொது மணி அடிக்கக் கூடாது, அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சபை தீர்மானம் செய்ய வேண்டும் என்றாள்.

"மிஸஸ் ஸ்ட்ரௌட்" என்று வெர்னா மரியாதையாகவே எழுந்தாள். "நான் வேணா புதன்கிழமை மணியை எட்டுக்கு மாத்திக்கறேன். கூட்டம் முடிஞ்சதும் நீங்களும் வாங்களேன். நான் முன்னாடியே சொன்னேன் உங்ககிட்ட."

அந்த மரியாதை டெல்ஃபியாவுக்கு முள்ளாகக் குத்தியது. "அதுல என்ன வருதுன்னே எனக்குத் தெரியாது" என்றாள், போதகரைப் பார்த்து. "ஊரெல்லாம் காதுல ஒட்டிக்கிட்டுக் கிடக்குது. முன்னெல்லாம் ஒரு வீட்டுல சாவுன்னா, பாட நாலு பேர் எழுந்து போவாங்க. இனிமே பெட்டியைத் திறந்து வெச்சுட்டுப் படுத்துக்குவாங்க. என் காதுல அந்தச் சத்தம் ஒரு நாளும் விழுந்ததில்ல. விழவும் வேண்டாம்."

பின்வரிசையிலிருந்து நாக்கை அண்ணத்தில் தட்டுகிற சத்தம் வந்தது. டிக். டிடக். டிக். டிடக். லூட் பேக்கர் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஹோல்ம் வீட்டம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு தோள் குலுங்கியது. சிரிப்பு பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தது. போதகர் லிஸ்க் புரியாமல் கண்ணாடியைத் துடைத்தார். டெல்ஃபியா நின்றுகொண்டிருந்தாள். தான் சொன்னதில் என்ன சிரிப்பு என்று தேடினாள்.

டிக். டிடக்.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். தெரியாத அளவுக்குத் தெரியும். சமையலறையில் தொலைபேசிப் பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் மாமியார் விட்டுப்போன கடிகாரம் இருக்கிறது. அலமாரி ஒரு பக்கம் சாய்வு. எம்மெட் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அதனால் ஊசல் ஒரு பக்கம் சட்டென்றும் மறுபக்கம் தயங்கியும் போகும். தாங்கித் தாங்கி நடக்கிறவர் மாதிரி ஒரு ஓசை. அந்தச் சமையலறையில் ஒருமுறை காபி குடித்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஓசை, கம்பி வழியே கேட்டாலும், தெரியும். அங்கேயே வாழ்கிறவளின் காதில்தான் அது விழுவதில்லை.

டெல்ஃபியாவின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

ஓரா எழுந்தாள். வெட்டிய முடி காதைச் சுற்றிக் குத்திட்டு நின்றது. "என் வீட்டுக் கடிகாரமும்தான் இப்ப நொண்டுது, லூட். ஒரு மாசமா. உங்களுக்கு என்ன அதனால?"

ஓரா வீட்டில் ஓடுகிற கடிகாரம் கிடையாது. இறந்துபோன கணவனின் பாக்கெட் வாட்ச் ஒன்றுதான், அதுவும் மேஜை இழுப்பறைக்குள், சாவி கொடுக்காமல். எல்லாருக்கும் அது தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது. வெர்னா முதலிலிருந்தே சிரிக்கவில்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தவர்களைக்கூட டெல்ஃபியா மன்னித்திருப்பாள், அந்தக் குனிந்த தலையை முடியாது. போதகர் தீர்மானத்தை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்து அவசரமாக ஆசீர்வாதம் சொன்னார்.

வாசலில் ஓரா பின்னாலேயே ஓடிவந்தாள். "டெல்ஃபி, நில்லு. நான் சொல்றதைக் கேளு."

"தலைக்கு ஏதாவது போட்டுக்கோ" என்றாள் டெல்ஃபியா, திரும்பாமல். "கழுத்துல காத்து அடிக்குது. சளி பிடிச்சா உன் வெர்னா கஷாயம் வெச்சுத் தரமாட்டா."

எம்மெட் காரை வீட்டுப் பக்கம் திருப்பினான். சோளத் தட்டை நிற்கிற வயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"எல்லாருக்கும் தெரியும்மா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாதுன்னு ஓரா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா. சொன்னா நீ எடுக்கறதை நிறுத்திடுவேன்னு."

டெல்ஃபியா கையுறையின் பித்தானைப் போட்டு, கழற்றி, போட்டாள். "அவ நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு சொல்றாளே."

எம்மெட் சாலையையே பார்த்தான். மீசை துடித்தது. "நீ நிஜமாவே லூட்டுனுதான் நெனச்சியா?" என்றான். பிறகு அவனால் அடக்க முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்திச் சிரித்து முடித்துவிட்டுத்தான் ஓட்டினான். "பாவம், அந்த மனுஷனுக்கு ஒரு துண்டு பை போச்சு."

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றுவதற்கு முன், கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து ஊசலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அலமாரி சாய்வா இருக்கு. ஓடினா கெட்டுப்போயிடும்" என்றாள்.

"இத்தனை வருஷமா ஓடிச்சே."

"அதான் சொல்றேன்."

அதன்பின் ஸ்ட்ரௌட் வீட்டில் சாப்பாடு நினைத்தபோது வந்தது. எம்மெட் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தான். மேகம் போட்ட நாட்களில் ஆறிப்போனதைத் தின்றான். டெல்ஃபியா முட்டை பார்த்தாள், அடுப்பைத் தேய்த்தாள். நீள மணி அடிக்கும்போது பின்கட்டுக்குப் போய் விறகு எடுத்து வந்தாள். விறகுப் பெட்டி நிரம்பி வழிந்தது. ஓரா ஒருநாள் நடந்தே வந்தாள். டெல்ஃபியா கோழிக் கொட்டகையிலேயே இருந்துவிட்டாள். ஓரா வெகுநேரம் சமையலறையில் நின்றுவிட்டுப் போனதை எம்மெட்தான் சொன்னான். "கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு நின்னா" என்றான்.

அடுத்த புதன்கிழமை மத்தியானமே பனியும் மழையும் கலந்து விழ ஆரம்பித்தது. டெல்ஃபியா வழக்கம்போல் முன்னறையில் நாற்காலி போட்டாள். ஒவ்வொன்றிலும் பாட்டுப் புத்தகம் வைத்தாள். இரண்டு வரிசைதான் போட்டாள். சேவல் வடிவ விளக்கை ஜன்னலில் ஏற்றி வைத்தாள். யாரும் வரவில்லை. போதகர் மனைவிகூட வரவில்லை. எம்மெட், "நான் இருக்கேனே, ஆரம்பி" என்று முன்வரிசையில் உட்கார்ந்து, அவள் ஜெபத்தின் நடுவிலேயே தூங்கிப்போனான். அவள் ஆமென் சொல்லிவிட்டு அவனை எழுப்பாமல் நாற்காலிகளை மடக்கினாள்.

மணி அடித்தது. ஒரே நீளம். எட்டு மணிக்கு மாற்றியிருந்தார்கள் போலிருக்கிறது. இந்த வீட்டில் இப்போது எது எட்டு என்று சொல்ல வழியில்லை.

அவள் சமையலறையில் போய் நின்றாள். கையைத் துடைத்தாள். மூச்சை வெளியே விட்டாள். கொக்கியை அமுக்கி, ரிசீவரைக் காதில் வைத்து, கொக்கியை மெல்ல விட்டாள். பக்கத்தில் கடிகாரம் வாயடைத்து நின்றது. அவள் அங்கே இருப்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. இவ்வளவு நாள் விரும்பியது இதைத்தான்.

"பேக்கர் வீட்டு நாய் வந்தாச்சு" என்றது ஓராவின் குரல். கம்பியில் பனி உறைந்து கரகரத்தது. "லிண்ட் வீட்டுக் குழந்தை. அட, தூங்குதா, குறட்டைதான் கேட்குது. ஹோல்ம் வீடு வந்தாச்சு."

பிறகு அந்த இடைவெளி.

டெல்ஃபியா காத்திருந்தாள். எங்கோ ஒரு நாய் பெருமூச்சு விட்டது.

"ஓரா, போடட்டுமா?" வெர்னாவின் குரல், அறையின் அந்தப் பக்கத்திலிருந்து. "பாட்டுக் குழு ஆரம்பிச்சிருக்கும்."

"கொஞ்சம் பொறு. நம்ம ஆளு வரல."

"நேத்தும் இப்படித்தான் பொறுத்தோம். முந்தாநாளும்."

"இன்னிக்கும் பொறுப்போம்."

லூட் பேக்கர் கம்பியில் தொண்டையைச் செருமினார். "தப்பு என்னுதுதாம்மா" என்றார், யாருக்கென்று சொல்லாமல். "ஆப்பிள் பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"நீங்க சும்மா இருங்க, லூட்" என்றாள் ஓரா.

வெர்னா ஏதோ யோசித்ததுபோலிருந்தது. "பாட்டு வந்தா நான் அடிக்குரல் எடுக்கட்டுமா, அன்னிக்கு மாதிரி?"

"வேண்டாம்மா. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஓரா.

ரிசீவர் டெல்ஃபியாவின் காதில் சூடாக இருந்தது. முன்னறையில் எம்மெட்டின் குறட்டை, ஜன்னலில் பனி தட்டுகிற ஓசை. அந்தப் பக்கம் ஓரா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவள் ரிசீவரைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையை நீட்டி, கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசலை ஒரு விரலால் தள்ளிவிட்டாள்.